காய்ச்சின தண்ணி

போனஸ் கோட்டைத் தாண்டிவிட்ட பெருமையில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். மைதானமே சிரித்தது. நான் தாண்டியது போனஸ் கோடு இல்லை, அதற்கும் பின்னால் இருந்த எல்லைக்கோடு. யாரும் என்னைத் தொடாமலே நான் அவுட். கபடியில் கண்ணாடி போடக்கூடாது. கழற்றினால் எனக்கு எல்லாக் கோடும் ஒரே கோடு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன், கான்டாக்ட் லென்ஸ் போடுவதென்று. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

தாராவியில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டே கேட்டாள்.

"கண்ணுக்குள்ள போடுததா? ஏட்டி, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?"

அப்பா பை தைக்கும் பட்டறையிலிருந்து வந்த களைப்பில் இருந்தார். களைப்பில் இருக்கும்போது கேட்டால் அவர் சரி என்பார். மறுவாரமே மாட்டுங்காவில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகுதான் லென்ஸைத் தொட வேண்டும், போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, டப்பாவில் தினமும் புது மருந்து ஊற்ற வேண்டும், பகலில் டப்பாவை அந்த மருந்தாலேயே அலசிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும், தண்ணீர் மட்டும் படவே கூடாது. டாக்டர் சொன்னதையெல்லாம் வீட்டில், சந்தில், பள்ளியில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் ஒப்பித்தேன். அம்மாவிடமும்தான்.

லென்ஸ் வந்த பிறகு நான் வேறு ஆள். எதிராளியின் கணுக்கால் தெரிந்தது. எங்கள் அணி இறுதி ஆட்டம்வரை வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு இடது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் குத்தியது. தூசி என்று சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் தாங்கினால் போதும் என்று கண்ணுக்கு உத்தரவும் போட்டேன்.

"ஏட்டி, இங்கன திரும்பு. கண்ணக் காட்டு."

அம்மாவின் உத்தரவு என் உத்தரவைவிடப் பெரியது. இந்த முறை அவளே என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் லென்ஸைக் கழற்றச் சொன்னார். கண்ணில் சொட்டு விட்டு, நீல வெளிச்சம் வைத்துப் பார்த்தார். பிறகு டப்பாவைக் கேட்டார்.

"இதை யாரும்மா அலம்பறா?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாந்தான் டாக்டர். இவ தொறந்து கவுத்திப் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிருவா. நான் தெனமும் கழுவி, சேல முந்தியில துடைச்சு வச்சிருவேன்."

"தண்ணி படக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே?"

"ஐயோ, பைப்புத் தண்ணியில இல்ல டாக்டர்! காய்ச்சின தண்ணி!"

எங்கள் வீட்டில் அது தண்ணீர்க் கணக்கில் வராது. குழாயில் வருவதுதான் தண்ணீர். காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி, தனிக் குடத்தில் மூடிவைத்தது மருந்து ஜாதி. காய்ச்சல்காரருக்கும் கைக்குழந்தைக்கும் அதுதான்.

"காய்ச்சினாலும் கூடாதும்மா," என்றார் டாக்டர். "வயிறு தாங்கிக்கும், கண்ணு தாங்காது. சீக்கிரம் வந்தேள், பிழைச்சது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கருவிழி புண்ணாயிருக்கும். பார்வையே போயிருக்கலாம்."

லென்ஸும் டப்பாவும் குப்பைக்கூடைக்குப் போயின. "ஞாயித்துக்கிழம மேட்ச் இருக்கு டாக்டர்," என்றேன். அவர் சொட்டு மருந்துச் சீட்டை எழுதி அம்மாவிடம் நீட்டினார். அம்மா என் தோளைப் பிடித்து எழுப்பினாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் என் இடது கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆட்டம் போன கோபத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் இல்லாமல் எங்கள் அணி தோற்றது. சில வாரத்தில் சிவப்பு முழுக்கத் தெளிந்தது. இனி விளையாடலாம் என்றார் டாக்டர். லென்ஸ் மட்டும் ஆறு மாதத்துக்குக் கூடாது. அடுத்த போட்டி செம்பூரில். கோச் என்னை வெளியே உட்காரவைக்கப் பார்த்தார். நான் விடவில்லை. ரெய்டு போனால்தானே தூரத்துக் கோடு தெரிய வேண்டும்? நான் தடுப்பில் நிற்கிறேன். என்னைத் தொடுகிற தூரத்துக்கு எவள் வந்தாலும் அவள் எனக்குத் தெரிகிற தூரம்தானே? கோச்சுக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை, ஆனாலும் என்னை இடது மூலைக்குப் போட்டார்.

தடுப்பில் இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நிற்க வேண்டும். பழக ஜோடி வேண்டுமே. போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் சந்தில் அம்மாவைத்தான் பிடித்து நிறுத்தினேன். அப்பா கபடி கபடி என்று எதிரே வந்தார். பக்கத்து வீட்டு அத்தை வாசலிலிருந்து, "எக்கா, நீயும் டீம்ல சேந்தாச்சா?" என்று சிரித்தாள். அம்மா சேலையை இழுத்துச் செருகி என் கையைப் பிடித்தாள். விரல் நெரிந்தது.

"விடும்மா! லேசாப் பிடிக்கணும். இப்படிப் பிடிச்சா நான் எப்படிப் பாய்வேன்?"

அவள் விடவில்லை. அப்பா பிடிபட்டு உட்கார்ந்த பிறகும் விடவில்லை. அம்மாவுக்கு ஆட்டமே தெரியவில்லை என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்காமல் அவளைப் பார்த்தார். அந்தப் பிடி எதற்கென்று யோசிக்க எனக்கு எங்கே நேரம்? விடிந்தால் செம்பூர் மைதானம். இடது மூலையில் நின்று, மங்கலாக உள்ளே வரும் முதல் காலை நான் பிடித்தாக வேண்டும்.