சித்தி கழிக்கச் சொன்ன சொல்

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க இரண்டு பொருத்தங்கள் வேண்டும். ஒன்று ஜாதகப் பொருத்தம். அதைக் கோயில் ஐயர் பார்ப்பார். இன்னொன்று கணினிப் பொருத்தம். அதைப் பார்ப்பவள் பதினொரு வயதுகூட நிறையாத நான்.

இரண்டாவதைக் கண்டுபிடித்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். சித்திக்கு வரன் வரும்போதெல்லாம் செந்தூலிலிருந்து எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்துவிடுவார். "ஜாதகத்தைக் காசு குடுத்து மாத்தி எழுதிடலாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது லா" என்பது அவர் கட்சி. ஆனால் அந்த உண்மை விளம்பியைத் தொட அவருக்குப் பயம். ஆகவே தட்டுவது நான், தீர்ப்புச் சொல்வது அவர்.

எனக்கோ தலைகால் புரியாத பெருமை. ரிங்கிட்டுக்கு எத்தனை ரூபாய், கிள்ளானுக்கு அடுத்த ரயில் எப்போது என்று எதையும் தேடும் கட்டத்திலேயே கேட்டுச் சொல்லிவிடுவேன். பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் போட்டால் ஊரிலுள்ள மற்ற பெயர்க்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், ஆள் மட்டும் அகப்படுவார் என்பதைப் பள்ளியில் கற்றிருந்தேன். இந்த வித்தையால் சித்திக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. ஒருவர் அலுவலக விருந்தில் பீர் போத்தலோடு நின்றார். இன்னொருவர் ஏதோ கடைத் தோசையைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தார். தோசைக்கே இவ்வளவு கோபம் என்றால் பெண்டாட்டியின் கதி என்ன என்று மாமா எழுந்துவிட்டார்.

சித்தி நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தாள். எனக்கு அவள் என்றால் உயிர். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்று அம்மாதான் அழுவாள். கடைசியில் கிள்ளானிலிருந்து ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தவள் சித்தியோடு வேலை செய்த தோழி. ஜாதகம் பொருந்தியது. இதுவும் சரிப்படாவிட்டால், செலாயாங்கில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் தன் நண்பருக்கே சித்தியைக் கொடுத்துவிடுவதாக மாமா சொல்லிவிட்டார். நண்பருக்கு மனைவி இறந்து மூன்று பிள்ளைகள். மாமா வயது.

மாமா வருவதற்கு முதல் நாள், எனக்குத் தலை பின்னிக்கொண்டே சித்தி கேட்டாள்.

"ஒரு சொல்லு இருக்கிற நியூஸ் மட்டும் வராம பண்ண முடியுமா?"

"மைனஸ் போடணும் சித்தி. சொல்லோட ஒட்டிப் போடணும். நடுவுல இடம் விட்டா வேலை செய்யாது."

இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பின்னலை முடித்து ரப்பர் போட்ட பிறகு, மெதுவாக, "நாளைக்கு கெமலாங்கானைக் கழிச்சிரு. ஆக்சிடென்டையும் கழிச்சிரு" என்றாள். விபத்தை மலாயிலும் கழிக்க வேண்டும், ஆங்கிலத்திலும் கழிக்க வேண்டும். ஏன் என்றதற்கு, கண்ட செய்தியும் குறுக்கே வந்தால் மாமாவுக்கு நேரம் வீண் என்றாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் மாமா என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தார். சித்தி சொன்னபடியே தட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "அது என்ன கோடு?" என்றார்.

சித்தி தேத்தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள். நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அது போட்டாத்தான் மாமா சரியா வரும்" என்றேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

பூப்பந்துப் போட்டியில் இரண்டாம் பரிசு, கோயில் அன்னதானத்தில் வாளியோடு ஒரு படம், வேறொன்றுமில்லை. மாமா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, பையன் தங்கம் என்றார். அம்மா சாமி அறைக்குப் போனாள். சித்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு என் உச்சியில் முத்தமிட்டாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது.

கழித்த சொல்லில் என்னதான் இருக்கிறது என்ற ஆசை எனக்கு அடங்கவில்லை. எல்லாரும் படுக்கப் போன பிறகு அந்தக் கோட்டை எடுத்துவிட்டுத் தேடினேன். மலாய் நாளிதழில் ஒரு சின்னச் செய்தி வந்தது. மோட்டார் சைக்கிள் லோரியில் மோதி, பின்னால் இருந்த நண்பர் இறந்துவிட்டார். ஓட்டியவர் காலில் பலத்த அடியோடு பிழைத்தார். ஓட்டியவர் எங்கள் மாப்பிள்ளை. ராசியில்லாதவன் என்று மாமா சொல்லியிருப்பார் என்பது எனக்குப் புரிந்தது. பாவம், அதனால்தான் சித்தி மறைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடிபட்டவரை எந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்று செய்தியின் கடைசி வரியில் இருந்தது. சித்தி தினமும் கிள்ளானுக்கு ரயிலேறி வேலைக்குப் போகிற அதே மருத்துவமனை. நல்லவேளை, மாப்பிள்ளை வீடு கிள்ளானில் இருப்பதால் கல்யாணத்துக்குப் பிறகு சித்திக்கு வேலைக்குப் போக வசதிதான் என்று சந்தோஷப்பட்டு, கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.