நீல நாற்காலியின் பெயர்

என் வகுப்பின் ஜன்னலோரத்தில் ஒரு நீல நாற்காலி கிடக்கிறது. பிளாஸ்டிக், சின்னப் பிள்ளைகள் உட்காரும் அளவு. யாரும் அதில் உட்காருவதில்லை. நான் யாரையும் தடுத்ததும் இல்லை.

திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் பள்ளி. கடிக்கிற, கல்லெறிகிற, மாதக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளைகளை மற்ற பள்ளிகள் கைகழுவிய பிறகு இங்கே கொண்டுவருவார்கள். பள்ளிப்பட்டிலிருந்து அப்படி வந்தவள்தான் அந்தப் பெண். அவளுடைய நைனா தறி நெய்பவர். "இங்கியும் வேணாம்னுட்டீங்கன்னா எங்க மிஸ் இட்டுகினு போவேன்?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். காய்ச்சலில் தங்கை போன நாளிலிருந்து அவள் எந்த வகுப்பிலும் உட்காரவில்லை. தங்கைக்கும் பக்கத்தில் நாற்காலி போட வேண்டும், வருகைப் பதிவில் அவள் பெயரையும் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் கைக்குக் கிடைத்ததை வீசுவாள்.

அப்போது இந்த வகுப்பு பெரிய மிஸ்ஸுடையது, நான் அவருக்கு உதவி. அவர் நீல நாற்காலியைப் போட்டு, தங்கையின் பெயரைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, பதில் வரும் நேரம் காத்திருப்பார். ஒருநாள், "செத்த புள்ளைய தெனம் கூப்பிட்றீங்களே, நல்லதுங்களா?" என்று கேட்டேவிட்டேன். "கூப்பிட்டா இவ உக்கார்றாம்மா. அத்தோட விடு" என்றார். உட்கார்ந்தாள், எழுதினாள், கடைசியில் ஊர்ப் பள்ளிக்கே போய்விட்டாள். பெரிய மிஸ் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் நாற்காலியை ஸ்டோர் ரூமில் போட்டோம், பெயரையும் விட்டோம். ஒரு நிமிடம் சும்மா இராத பிள்ளைகள் அத்தனை பேரும் ஜன்னலோரம் திரும்பி, காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷம் என்றேன். பெரிய மிஸ் நாற்காலியை எடுத்துவந்து போட்டு, பெயரைக் கூப்பிட்டார். பிள்ளைகள் முன்பக்கம் திரும்பினார்கள். ஓய்வுபெற்ற அன்று என்னிடம், "விட்றாதம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளைகள் போய் வேறு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நானும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மலைக்கோயிலுக்கு வந்த அந்தப் பள்ளிப்பட்டுப் பெண் இன்று காலை பள்ளிக்கும் வந்தாள். இப்போது அரக்கோணத்தில் நர்ஸ். நான் பதிவெடுப்பதை வாசலில் நின்று கேட்டாள். கடைசியாகத் தங்கையின் பெயர் வந்ததும் அவள் முகம் மாறியது.

"இன்னும் அவளக் கூப்பிட்டுகினா இருக்கீங்க?"

"ஆங். உனக்காக ஆரம்பிச்சது. நிறுத்த முடியல."

"அவள நான் அன்னிக்கே இட்டுகினு போயிட்டேனே மிஸ். பஸ்ல என் பக்கத்துலதான் உக்காந்துகினு வந்தா."

பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்ற புது ஆளை ஒருவரும் கவனிக்கவில்லை. நீல நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நாளைக் காலையும் நான் பதிவெடுக்க வேண்டும். அந்த நாற்காலிக்கு யார் பெயரைக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.