பிள்ளையாரிடம் மூன்று தரம் கேட்டோம்

எனக்கு இரண்டு சாதகங்கள் இருந்தன. பெருமைக்குச் சொல்லவில்லை, பிறந்தபோது எழுதியது யுத்தகால இடம்பெயர்வில் ஒரு டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது. திரும்பி எங்கள் ஊரான அக்கராயனுக்கு வந்து, கூரை போட்டு, கிணறு இறைத்து, எனக்கு ஆசிரியர் வேலையும் கிடைத்த பிறகுதான் அம்மாவுக்குச் சாதகத்தின் நினைவு வந்தது. பிறந்த திகதி பிறப்புச் சான்றிதழில் இருந்தது. நேரம் இல்லை. அம்மா விடிய ஐந்தரை என்றா, அப்பா ஆறரை என்றார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சாத்திரியார் நல்ல மனிதர், இரண்டு நேரத்துக்கும் இரண்டு கொப்பி எழுதிக் கொடுத்துவிட்டார்.

அம்மாவின் நேரப்படி எனக்குச் செவ்வாய் ஏழாம் வீட்டில், அதாவது தோஷம். அப்பாவின் நேரப்படி ஆறாம் வீட்டில், ஒரு பிழையும் இல்லை. நாங்களே அந்தக் காலத்தில் எத்தனை வீடு மாறினோம், செவ்வாய் ஒரு வீடு தள்ளி இருந்தால் என்ன என்று கேட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். ஆனால் அந்த இரண்டு கொப்பிகளையும் அம்மா எவ்வளவு கெட்டித்தனமாகப் பாவித்தா என்பதையும் சொல்லவேண்டும். வருகிற சம்பந்தம் பிடிக்காவிட்டால் அலுமாரியிலிருந்து செவ்வாய்க் கொப்பி வெளியே வரும். பிடித்தால் மற்றது. விதியில் அவவுக்கு இருந்த நம்பிக்கை துளியும் குறையவில்லை, எந்த விதி என்பதை மட்டும் தானே தீர்மானித்தா. இப்படியே எனக்கு முப்பத்திரண்டு வயதானது.

அப்போதுதான் எங்கள் வயலுக்கு வாட்டர் பம்ப் திருத்த ஒருவர் வந்தார். கிளிநொச்சியில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். அவருடைய குடும்பம் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியது. பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கை முழுக்க எண்ணெயோடு நிமிர்ந்து, "இந்தத் தடவை மழை பெய்யுறது விதிங்க டீச்சர். பம்பு ஓடுறது என் பொறுப்பு" என்றார். எனக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. அதன்பிறகு எங்கள் பம்ப் அடிக்கடி பழுதானது. அதில் விதி பாதி, நான் பாதி.

விசயத்தை வீட்டில் சொன்னேன். அப்பா முற்றத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பொடியன் நல்லவன்தான். ஆனா சாதகம் இல்லையாமே. எதோடை எதைப் பொருத்திறது?"

எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள், அவருடைய ஆட்கள் மலைநாட்டிலிருந்து ஒன்றும் கிடைக்காமல் வந்தவர்கள். அப்பாவின் தயக்கம் அதுதான். அதை வாயால் சொல்ல வெட்கப்பட்டுச் சாதகத்தைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தது. எனக்குத்தான் இரண்டு இருக்கிறதே, ஒன்றை அவருக்குக் கொடுக்கலாம் என்றேன். அப்பா சிரிக்கவில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "கோயில்ல பூக்கட்டிப் பாருங்கோ. வெள்ளை வந்தா நான் மறுகதை கதைக்கமாட்டன். சிவப்பு வந்தா இந்தக் கதையை இதோடை விடோணும்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனிக் காகிதத்தில் பொட்டலமாக மடித்து, சாமியின் காலடியில் போட்டு, கும்பிட்டு, ஒன்றை எடுப்பது. வருகிற நிறம்தான் சாமியின் பதில். வீடு கட்டவும் வெளிநாடு போகவும் இப்படிக் கேட்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சிவப்பு வந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன்.

அப்போது நான் கண்டாவளைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். சாப்பாட்டு இடைவேளையில் நாங்கள் மூன்று பேர் ஒரே மேசையில் இருப்போம். கொக்கிளாயிலிருந்து வந்த விஞ்ஞான டீச்சர் கத்தோலிக்கம், அவவுடைய அப்பா கடல் தொழில். கணித டீச்சர் முஸ்லிம், முல்லைத்தீவுப் பக்கம். அன்றைக்கு என்னுடைய புட்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

"எல்லாம் முதலே எழுதியிருக்கெண்டா பூவை ஏன் கேக்கோணும்? எழுதேல்லையெண்டா பூவுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

விஞ்ஞான டீச்சர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னா. "என்ர வகுப்பில எந்தப் பிள்ளை எத்தினை மார்க்ஸ் எடுக்குமெண்டு சோதினைக்கு முதலே எனக்குத் தெரியும். அதுக்காகப் பேப்பரை நானோ எழுதிறன்? கடவுளும் அப்பிடித்தான். அவருக்குத் தெரியும், ஆனா எழுதிறது நீர்."

"எங்கட மார்க்கத்தில எழுதியிருக்கு எண்டுதான் நம்பிறம்" என்றா கணித டீச்சர். "ஆனா எழுதினதை வாசிக்க எங்களிட்டைத் தரேல்லை. அதால பாடுபடத்தான் வேணும். எனக்குச் சம்பந்தம் வரேக்க நான் இஸ்திகாரா தொழுதனான். இதில நன்மை இருந்தா இலேசாக்கு, இல்லாட்டி விலக்கிவிடு எண்டு கேக்கிற தொழுகை."

"பதில் வந்ததோ?"

"கனவு ஒண்டும் வரேல்லை. மனம் அமைதியாயிற்று. ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

என்னுடைய முறை வந்தது. எங்களுக்கு முற்பிறப்பு வினை என்றேன். போன பிறப்பில் செய்ததும் நான்தான், என்ன செய்தேன் என்று மறந்ததும் நான்தான், இப்போது அகப்பட்டு முழிப்பதும் நான்தான். விஞ்ஞான டீச்சர் யோசித்துவிட்டு, "அப்ப ரெண்டு பொட்டலத்திலையும் வெள்ளையைக் கட்டும். இந்தப் பிறப்பில ஒரு வினை செய்தா என்ன குறையப்போகுது?" என்றா.

கணித டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "பிறகு ஆரிட்டைக் கேட்டதெண்டு சொல்லுறது? உம்மட்டையே கேட்டுப்போட்டு சாமியிட்டைக் கேட்டனெண்டோ?" என்றா. இரண்டு பேரும் மணி அடிக்கும்வரை வாக்குவாதப்பட்டார்கள். என் புட்டையும் அவர்களே முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அன்றைக்கு எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை, அப்பா வயலை விட்டு வரமுடியவில்லை. போகும் வழியில் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு நந்தியாவட்டைப் பூவைப் பிடுங்கிக் கைப்பையில் வைத்தேன். சந்தர்ப்பம் கிடைத்தால் சிவப்பை எடுத்துவிட்டு இதை வைப்பது என்பதுதான் திட்டம். முப்பத்திரண்டு வயது ஆசிரியை, பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளைகளை வெளியே அனுப்புகிறவள்.

சந்தர்ப்பமும் கிடைத்தது. ஐயர் ஒரு நந்தியாவட்டையையும் ஒரு சிவப்புச் செவ்வரத்தை மொட்டையும் தட்டில் எடுத்து வைத்துவிட்டுக் காகிதம் தேடி உள்ளே போனார். அம்மா கண்ணை மூடியிருந்தா. பையைத் திறக்கச் சிப்பில் கையை வைத்தேன். பிள்ளையார் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. கை நகரவில்லை. ஐயர் வந்துவிட்டார்.

பொட்டலம் கட்டி, குலுக்கி, காலடியில் போட்டார். அம்மா என்னை எடுக்கச் சொன்னா. எடுத்தேன். செவ்வரத்தை.

"மூண்டு தரம் கேக்கிறதுதான் முறை" என்றா அம்மா. அப்படி ஒரு முறையை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஐயர் மறுபடி கட்டினார். இந்தத் தடவை அம்மாவே எடுத்தா. செவ்வரத்தை. மூன்றாவதை ஐயரையே எடுக்கச் சொன்னா. அவர் விரித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார்.

"பிள்ளையாரும் ஒரு கதையை எத்தினை தரமம்மா சொல்லுறது?" என்றார்.

வெளி மண்டபத்துக்கு வந்து இருந்தோம். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுகை வந்தது. சனம் பார்க்கிறது என்றுகூடத் தோன்றவில்லை. எல்லாச் சாத்திரத்தையும் பகிடி பண்ணியவள், ஒரு செவ்வரத்தை மொட்டுக்கு இப்படிப் பயந்துபோனேன். எண்ணெய் படிந்த அந்தக் கைகளை இனிப் பார்க்கப் போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

அம்மா என் முகத்தைத் துடைக்கக் கைலேஞ்சி தேடி என் கைப்பையைத் திறந்தா. நந்தியாவட்டை கையில் வந்தது. அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா கசங்கிய இதழை விரலால் நீவிவிட்டு, அந்தப் பூவை என் பின்னலில் செருகினா. கோயில் பக்கம் திரும்பி ஒருதரம் கும்பிட்டா.

"எழும்பு பிள்ளை. கொப்பர் வந்திருப்பார்."

வீட்டுக் கிணற்றடியில் அப்பா கால் சேற்றைக் கழுவிக்கொண்டு நின்றார். "என்ன வந்தது?" என்று கேட்டார். கழுவின காலையே திரும்பவும் கழுவினார். அவரும் வேண்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறார், எதை என்றுதான் தெரியவில்லை.

நான் வாய் திறக்குமுன் அம்மா என்னைத் தோளில் பிடித்துத் திருப்பிப் பின்னலைக் காட்டினா.

"வெள்ளை" என்றா. "மூண்டு தரமும்."

ஒரு காலத்திலும் பொய் சொல்லாத மனுசி. அப்பா அந்தப் பூவைப் பார்த்தார். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச்சொல்லும்படி என்னிடம் சொன்னார்.

இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா மருமகனைப் பக்கத்துக் கதிரையில் இருத்திவைத்து அந்தக் கதையைச் சொல்லுவார். "நாங்கள் பாக்கேல்லை, பிள்ளையார் பாத்துத் தந்த பொடியன். எங்கட கையில என்ன இருக்கு?" என்பார். அம்மா அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போய்விடுவா.