எடுத்து வைத்ததும் திரும்ப எடுத்ததும்

1987 செப்டம்பர் 9, புதன்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். குளியல், இரண்டு இட்லி, காப்பி. மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்ததால் குடை எடுத்துக்கொண்டேன். எட்டே முக்காலுக்கு மண்டியைத் திறந்து, கூட்டித் தெளிக்கச் சொல்லிவிட்டு, நாட்காட்டியில் தாளைக் கிழித்தேன். பிறகு கம்ப்யூட்டர் அறையின் ஏசியைப் போட்டேன்.

போடியில் பெரியவர், சின்னவர் என்று அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்திய ஏலக்காய் கமிஷன் மண்டி அது. நான் மேனேஜர். அந்த ஒரு அறைக்கு மட்டும்தான் ஏசி. அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முதலாளிகள் இருவருக்கும் கம்ப்யூட்டர்மேல் அக்கறை வந்துவிடும். நாலு மணிவரை அந்த அக்கறை குறட்டையாகக் கேட்கும்.

ஒன்பது மணிக்கு ஆபரேட்டர் பெண் ராசிங்காபுரம் பஸ்சில் வந்திறங்கினாள். செருப்பை வெளியே விட்டாள், பெரியவர் உத்தரவுப்படி இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள், சுவிட்சைப் போட்டாள். திரை வந்தது. விவசாயிகள் பட்டியலைக் கேட்டாள். அப்படி ஒன்று இல்லை என்றது.

“சார், ராத்திரி கரண்டு விட்டுவிட்டு வந்துச்சாம்ல. பூட்டுறப்ப மெயின யாரும் அணைக்கல போல. பட்டியலு மொத்தமும் போச்சு சார்.”

மறுநாள் ஏலம். மலையிலிருந்து வந்த மூட்டைகள் கோடவுனில் நம்பர் வாரியாக அடுக்கியிருந்தன. எந்த நம்பர் யாருடைய மூட்டை என்பது கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரியும். அது வந்த அன்றே கையால் எழுதுவதைப் பெரியவர் நிறுத்திவிட்டார். “ஒரே சோலிய ரெண்டு தடவ செய்ய இது என்ன கவர்மெண்டா?” என்று கேட்டார். விவசாயிகளிடம் ரசீது உண்டு. ஆனால் விவசாயிகள் போடிமெட்டுக்கு மேலே, மழைக்குள், மலை மலையாகச் சிதறிக் கிடந்தார்கள்.

பெரியவர் வந்து விஷயத்தைக் கேட்டதும் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“என்னத்தா பண்ணித் தொலைச்ச?”

“நான் சுவிட்சத்தான் மொதலாளி போட்டேன்.”

“தெனமும் போடுற சுவிட்சுதான? சாயங்காலத்துக்குள்ள பேரு பூராம் வரணும். வரலைன்னா நாளைக்கி நீ பஸ்சு ஏற வேணாம்.”

அவள் தினக்கூலிக் கணக்கில்தான் இருந்தாள். அனுப்புவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அவள் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

நான் அதிகம் பதறவில்லை. எங்களிடம் பட்டியலின் பிரதி இருந்தது, அதுவும் இரண்டு விதமாக. அப்படி ஆனதற்குக் காரணம் நான் எழுதிய ஒப்பீடுதான்.

முந்தைய வருஷம், பிரதி எடுத்து வைக்கும் புரோகிராம் விற்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மதுரை, டை கட்டியவர். இன்னொருவர் எறணாகுளம், டை கட்டாதவர். இரண்டையும் ஒப்பிட்டு எழுதித் தரச் சொன்னார் பெரியவர். விலை, எத்தனை பிளாப்பி பிடிக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். “திரும்ப எடுப்பது எப்படி?” என்று ஒரு கட்டமும் போட்டு இருவரிடமும் கேட்டேன்.

மதுரைக்காரர் சிரித்தார். “எங்க கஸ்டமர் யாருக்கும் அது தேவைப்பட்டதே இல்ல சார்.”

எறணாகுளத்துக்காரர், “ஆபத்து வரும்போ நோக்காம் சாரே. ஈரம் ஏறாம வெச்சா மதி, போதும்” என்றார்.

அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. மதுரைப் புரோகிராம் வேலையை முடித்ததும் ஒரு சின்ன இசை போடும். பெரியவர் அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்கிவிட்டார். எறணாகுளத்துப் புரோகிராமில் பச்சைக் கோடு ஒன்று நகர்ந்துகொண்டே போகும். “ஏலக்காய்ப் பச்ச!” என்று சொல்லிச் சின்னவர் அதை வாங்கிவிட்டார். ஒன்று எடுத்து வைத்ததை மற்றொன்றால் படிக்க முடியாது. இதிலும் அண்ணன் தம்பி ஒற்றுமை அப்படியே பொருந்தி வந்தது.

பெரியவரின் பிரதி தினமும் சாயங்காலம் எடுக்கப்பட்டு மண்டியின் இரும்புப் பெட்டிக்குள் போகும். சின்னவரின் பிரதி சனிக்கிழமைதோறும் ஜீப்பில் மலைக்கு ஏறி அவருடைய எஸ்டேட்டுக்குப் போகும்.

“என்னுது எங்கயும் ஓடாது. மொதல்ல அவன்து என்ன லட்சணத்துல இருக்குன்னு பாப்போம்” என்றார் பெரியவர்.

ஜீப்பு போய்த் திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. சின்னவரே டப்பாவைத் திறந்தார். பிளாப்பிகள் நாலு மூலையும் தூக்கிக்கொண்டு, நடுவில் உப்பியிருந்தன.

“பொரிச்சுக் கொண்டாந்துட்டாங்க சார்” என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

“எங்கடா வெச்சிருந்த?” என்றார் பெரியவர்.

“காய் உலத்துற ஸ்டோர்லதான் அண்ணே. ஈரம் ஏறப்படாதுன்னு அந்தாளு சொன்னான்ல? இந்த மலையில அதவிடக் காய்ஞ்ச எடம் ஏது?”

“ஏலக்காயாடா அது? ராத்திரி பூரா அடுப்பு எரியிற எடத்துலயா கொண்டுபோயி வெப்ப?”

பெரியவருக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். இடுப்புச் சாவியை எடுத்து இரும்புப் பெட்டியைத் திறந்து, தன் பிளாப்பிக் கட்டைச் சாமி படத்தைத் தூக்கிவருவது போல இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் போட்டாள். மூன்று பிளாப்பி வரை ஒழுங்காகப் போனது. நாலாவதில் இயந்திரம் முக்கியது, நின்றது, படிக்க முடியவில்லை என்று எழுதிக் காட்டியது.

அவள் அதை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓர் ஓரம் பிளேடால் நேராகக் கீறப்பட்டு, பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

“இத யாரு கிழிச்சது?” என்று கேட்டாள்.

பெரியவர் மேல்துண்டைச் சரிசெய்தார்.

“கிழிக்கல. நேத்து பூட்டும்போது சாம்பிள் பாத்தேன்.”

“சாம்பிளா?” என்றார் சின்னவர்.

“ஆமடா. உள்ள என்ன கெடக்குன்னு பாக்காம ஒரு மூட்டையவாச்சும் நான் பூட்டி வெச்சிருக்கேனா? இதுக்குன்னு வழக்கத்த மாத்தச் சொல்றியா?”

“உள்ள என்ன அண்ணே இருந்துச்சு?”

“தட்டு. பழுப்பு நெறம். நல்ல சரக்குதான்.”

மதுரைக்கு டிரங்க் கால் போட்டேன். உறையை வெட்டினால் உத்தரவாதம் கிடையாது என்று மதுரைக்காரர் மகிழ்ச்சியோடு தெரிவித்தார். அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளவில்லை, ஆனால் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பெரியவர் பிளாப்பியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் மேனேசரே, சாக்கு கிழிஞ்சா சரக்கையா கொட்டிப்புடுறோம்? வேற சாக்குல மாத்துவோம்ல? கொண்டா ஒரு புதுசு.”

புதுப் பிளாப்பி ஒன்றின் ஓரத்தை வெட்டி, உள்ளேயிருந்த தட்டை எடுத்துப் போட்டார். தட்டைச் சுழல விடாமல் பசை இறுக்கியிருந்த பழைய உறையை, பசை படாத பக்கமாகப் பிரித்தார். “வெரலு படாம மொதலாளி, நடுவுல புடிங்க” என்று அவள் சொல்லச் சொல்ல, பழைய தட்டை உருவிப் புது உறைக்குள் விட்டார். ஏலக்காயைத் தரம் பிரித்துப் பழகிய விரல்கள். இந்த முறை சின்னவர் பசையை அண்ணன் கைக்கெட்டாத இடத்தில் ஒளித்து வைத்துவிட்டார்.

நாலாவது போனது. அதற்குப் பின்னால் இருந்தவையும் போயின. கடைசியில் அந்த இசை கேட்டது. திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. அவள் அச்சடிக்கத் தொடங்கினாள்.

பெரியவர் வாசலுக்குப் போய், லோடு இறக்க வந்தவர்களிடம் தாம் கம்ப்யூட்டரைப் பிழைக்க வைத்ததை விளக்கினார். அவர் சொன்ன கதையில் பிளேடு, புது உறையை வெட்டக் கடைசியில்தான் வந்தது. திரும்பி வந்து, “சரித்தா, இந்தத் தடவ மன்னிச்சு விடுறேன்” என்றார்.

“எதுக்கு மொதலாளி?” என்று கேட்டாள்.

அவருக்கு அவசரமாக வேறு சோலி வந்துவிட்டது.

அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள். “நாளைக்கி நான் பஸ்சு ஏறணுமா வேணாமா சார்? தெனம் சாயங்காலம் இப்படிக் கேட்டுட்டா போக முடியும்?”

பட்டியலை வாங்கி, கோடவுன் நம்பரோடு ஒத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக டைப்ரைட்டரில் தாள் ஏற்றி, அவளை மாதச் சம்பளத்தில் நிரந்தரமாக நியமிக்கும் உத்தரவை அடித்தேன். ஏலத்துக்கு வந்திருந்த வியாபாரிகளிடம் பெரியவர் தன் சாகசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேனாவைத் திறந்து நீட்டினேன். பேச்சை நிறுத்தாமல், என்னவென்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.