தேயிலைத் தோட்டத்தில் நான் சொன்ன சாட்சி

எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் ஏரிக்கரைதான். மதுராந்தகத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் ஏறிப் பார்க்க ஒன்றும் கிடையாது. அதனால் கல்யாணமான மூன்றாவது வாரம், தனிக் கார் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தேயிலை மலையைச் சுற்றி வரலாம் என்று என் புருஷன் சொன்னபோது நான் குதிக்காத குறை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவருக்குக் கடலோரத்து டவுன்ஷிப்பில் வேலை, குவார்ட்டர்ஸ், வாயைத் திறந்தால் இங்கிலீஷ். எங்கள் அப்பா நெல் மண்டிக்காரர். மாப்பிள்ளை மலைக்குக் கூட்டிப் போகிறார் என்று மண்டிக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆளை ‘அவர்’ என்று எழுத இப்போது எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் அன்றைக்கு அவர்தான். மலையை விட்டு இறங்கும்வரை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காரும் டிரைவரும் அப்பா ஏற்பாடு. கருங்குழிக்காரர், அப்பாவின் மண்டிக்கு லாரி ஓட்டிவிட்டுப் பிறகு சொந்தமாக அம்பாசடர் வாங்கியவர். என்னைப் பாவாடை சட்டைக் காலத்திலிருந்து தெரியும். முதல் நாளே மேட்டுப்பாளையம் போய் லாட்ஜில் தங்கிவிட்டு, விடிந்ததும் மலை ஏறினோம்.

கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “பாப்பா, காது அடைக்கும், பஞ்சு வெச்சிக்கோ,” என்றார்.

“மலையால அடைக்கல அண்ணே. நீ அடிக்கிற ஹாரன்லதான் அடைக்குது,” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். முந்தானைக்கு அடியில் ஒரு கை வந்து என் மேல்கையின் சதையை இரண்டு விரலில் பிடித்துத் திருகியது. சாவி போட்டுப் பூட்டைத் திறப்பதுபோல் நிதானமாகத் திருகியது. திருகிக்கொண்டே என் புருஷன் ஜன்னல் வழியாக வெளியே கையைக் காட்டி, “அங்க பாரு, அருவி,” என்றார். நான் அருவியைப் பார்த்தேன். கண்ணில் நீர் முட்டியதால் அருவி எங்கே விழுகிறது என்றுகூடத் தெரியவில்லை. புது மாப்பிள்ளைக்கு என்மேல் எவ்வளவு ஆசை, அதனால்தான் இந்தக் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

மலை அழகாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். சரிவு முழுக்க இடுப்பளவுக்கு வெட்டிவிட்ட பச்சை. நடுவில் பெண்கள் கூடையைத் தலையிலிருந்து முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவில் சமதளமாக இடம் வந்தது. இரண்டு டீக்கடை, ஏழெட்டு டாக்சி, ஒரு போட்டோக் கடை. கடை என்றால் ஒரு தார்ப்பாய் மறைப்பும் ஒரு பலகையும்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணைப்போல் வேஷம் கட்டிப் படம் எடுத்து, பிறகு தபாலில் அனுப்பிவைப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நடத்தினார்கள். அவள் வேஷம் கட்டிவிடுவாள், அவர் படம் எடுப்பார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. என் புருஷனும், “எடுத்துக்கோ, ஆபீஸ்ல காட்டலாம்,” என்றார்.

தார்ப்பாய்க்குப் பின்னால் அவள் என் புடவைக்கு மேலேயே சிவப்புப் பாவாடையைச் சுற்றினாள். கட்டம் போட்ட சட்டையை மாட்டும்போது என் கையில் கன்றியிருந்த இடத்தைப் பார்த்தாள். அதில் இரண்டு விரலின் அச்சு இருந்தது. பார்த்தவள் சட்டைக் கையை மெதுவாக இழுத்து அதை மூடினாள்.

“புதுப் பொண்ணா கண்ணு?”

“மூணு வாரம் ஆவுது.”

“நல்லா இரு,” என்று தலையில் துணியைக் கட்டினாள். கூடையின் பட்டையை நெற்றிக்கு மேலே இழுத்து மாட்டிவிட்டாள். அடுத்ததாக ஒரு குடும்பம் காத்திருந்தது. அவர்களைக் கவனிக்க அவள் மறைப்புக்குள்ளேயே நின்றுவிட்டாள்.

நான் செடிகளுக்கு நடுவில் போய் நின்றேன். போட்டோக்காரர் ஸ்டாண்டில் இருந்த கேமராவுக்குப் பின்னால் குனிந்து, “மூஞ்சிய கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்கம்மா,” என்றார். திருப்பினேன். பட்டை நெற்றியிலிருந்து வழுக்கிக் காதுக்கு இறங்கியது. கல்யாணத்துக்குப் போட்ட பெரிய ஜிமிக்கி, தலைமுடியோடு சேர்த்து மாட்டலும் இருந்தது. பட்டையின் நூல் அதில் சிக்கிக்கொள்ள, கூடையின் பாரம் மொத்தமும் காதில் தொங்கியது. நான் அலறிவிட்டேன்.

போட்டோக்காரர் ஓடி வந்தார். “அசையாதீங்கம்மா, காது கிழிஞ்சிடும்,” என்று ஒரு கையால் கூடையைத் தாங்கினார். இன்னொரு கையின் இரண்டு விரலால் காது மடலைப் பிடித்துக்கொண்டு நூலை விடுவித்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்த மனிதர் மூச்சைக்கூட என்மேல் விடாமல் முகத்தை ஒதுக்கிக்கொண்டுதான் நின்றார். வலி நின்றது. கழுத்தில் ஒரு சொட்டு ரத்தம் இறங்கியது.

முதலில் டீ கிளாஸ் வந்தது. பத்தடி தூரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த என் புருஷன் அப்படியே வீசினார். போட்டோக்காரரின் பொட்டில் பட்டு உடைந்தது, கொதிக்கும் டீ அவர்மேலும் என்மேலும் தெறித்தது. அவர் நிமிர்வதற்குள் என் புருஷன் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிவிட்டார். கேமரா கழன்று பாறையில் விழுந்து பின்மூடி திறந்துகொண்டது, பிலிம் வெளியே சரிந்தது. மூன்று காலையும் மடக்காமலேயே ஸ்டாண்டால் ஓங்கி ஓங்கி அடித்தார். முதுகில், தலையில், தடுக்க நீட்டிய கையில். தேயிலைச் செடி தூரத்தில் மெத்தை மாதிரித் தெரியும், உள்ளே எல்லாம் கட்டைக் குச்சி. போட்டோக்காரர் அதன்மேல் விழுந்து புரண்டார். கன்னம் கிழிந்தது. “ஐயா, ஜிமிக்கி மாட்டிக்கிச்சுங்க, ஜிமிக்கி மாட்டிக்கிச்சுங்க,” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கிருந்து வந்தார்களோ தெரியவில்லை, இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். டாக்சி டிரைவர்கள், மேல்சரிவில் செடியை மட்டமாக வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்த ஆட்கள். அவர்கள் கையில் வளைந்த கத்தி இருந்தது. என் புருஷனின் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி முட்டி போட வைத்தார்கள். ஒருவன் அறைந்ததில் அவர் மூக்குக்கண்ணாடி பறந்தது. இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். எங்கள் டிரைவர் அண்ணன் கீழேயிருந்து ஓடி வந்து, “அண்ணாத்த, வுட்ருங்க. புது ஜோடி. இன்னா ஏதுன்னு பேசிக்கலாம்,” என்று குறுக்கே புகுந்தார். அவர் வாயிலும் ஒரு குத்து விழுந்தது.

“என் பொண்டாட்டி மேல கைய வெச்சான்யா,” என்று கத்தினார் என் புருஷன். கூட்டம் நின்றது.

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு போட்டோக்காரரின் மனைவி வந்தாள். மண்ணில் கிடந்த தன் புருஷனைப் பார்த்தாள். முட்டி போட்டிருந்த என் புருஷனைப் பார்த்தாள். அப்புறம் நேராக என்னிடம் வந்தாள்.

“அந்தப் பொண்ணு சொல்லட்டும்,” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “எங்காளு தப்பா தொட்டிருந்தா நானே கேக்கறேன். தொடலைன்னா இந்த ஆளு காலால நடந்து மலை இறங்கமாட்டான். நீ சொல்லு கண்ணு. நீ சொல்றதுதான்.”

கத்தி வைத்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். என் ஒரு வார்த்தையில் இரண்டு பேரில் ஒருவருக்கு எலும்பு முறியப்போகிறது என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. போட்டோக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ரத்தத்துக்கு நடுவே அந்த முகத்தில் ஒரு அப்பாடா வந்தது. நடந்தது எனக்குத் தெரியுமே, இனி பயமில்லை என்று நினைத்திருப்பார். என் புருஷனும் பார்த்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை. வீட்டுக்கு வா, அப்புறம் இருக்கு என்பதுதான் இருந்தது. கழுத்தில் மூன்று வாரத்துத் தாலி. ஊரில் பெருமையடித்துக்கொண்டிருக்கும் அப்பா. கால் ஒடிந்த புருஷனோடு திரும்பினால் என்ன ஆகும் என்று ஓடியது புத்தி. கால் ஒடியப்போகிற மற்ற மனிதரைப் பற்றி ஓடவே இல்லை.

“தொட்டாரு,” என்றேன்.

“எங்க கண்ணு?”

நான் வாயைத் திறக்காமல் கையை எடுத்து மார்பில் வைத்துக் காட்டினேன்.

அவள் குனிந்து காலில் இருந்த செருப்பைக் கழற்றினாள். தன் புருஷன் முகத்தில் அடித்தாள். இரண்டு, மூன்று என்று இல்லை, கை ஓயும்வரை அடித்தாள். “எத்தினி பொம்பளைங்களுக்கு நான் கட்டிவுட்டு உன்னை நம்பி அனுப்பியிருப்பேன், எத்தினி பேருக்கு,” என்று கேட்டுக்கொண்டே அடித்தாள். அவர் தடுக்கவில்லை. ஜிமிக்கி மாட்டியது என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் கூட்டம் என் புருஷனை விட்டுவிட்டுப் போட்டோக்காரர்மேல் பாய்ந்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் காலாலும் கையாலும் அடித்தார்கள். ஒருவன் அவருடைய வலது கையைப் பாறைமேல் இழுத்து வைத்து பூட்ஸ் காலால் மிதித்தான். விரல் முறிகிற சத்தத்தை நான் கேட்டேன். முருங்கைக் கிளை முறிவதுபோல் லேசான சத்தம்தான். அவர் அப்போது மட்டும் கத்தினார்.

வேஷத்தைக் கழற்ற வேண்டியிருந்ததே. அவளேதான் மறைப்புக்குள் கூட்டிப் போய்க் கழற்றிவிட்டாள். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகத் திறந்தாள். என் புடவை மடிப்பைச் சரி செய்துவிட்டு, “போயிடு கண்ணு. மனசுல வெச்சிக்காத,” என்றாள். இப்போதாவது சொல்லிவிடு என்று ஒரு குரல் எனக்குள் அடித்துக்கொண்டது. நான் என் ஜிமிக்கியைச் சரி செய்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மலை இறங்கினோம். டிரைவர் அண்ணனின் உதடு வீங்கியிருந்தது. என் புருஷன் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார், கல்யாணமாகி முதல் தடவையாக. மேட்டுப்பாளையத்தில் மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துவிட்டார். நானும் வைத்துக்கொண்டேன், வெட்கம் கெட்டவள்.

மதுராந்தகத்தில் பையை இறக்கி வைக்கும்போது டிரைவர் அண்ணன் மெதுவாக, “அந்தாளப் பாத்தா அப்டி பண்ற ஆளு மாரி தெர்லியே பாப்பா,” என்றார்.

“உனுக்கு இன்னா தெரியும், நீ கீழே நின்னுகினு இருந்தே,” என்று எரிந்து விழுந்தேன். அவர் அதற்கப்புறம் எங்கள் வீட்டு வேலைக்கு வண்டி எடுக்கவில்லை.

மலையில் விட்டுவிட்டு வந்த அடி, குவார்ட்டர்ஸில் என்னைத் தேடி வந்தது. அந்த மாதமே ஆரம்பித்தான். ஆமாம், இனி அவன்தான். குழம்பில் உப்பு ஏறினால் கரண்டி, போனை எடுக்க நேரமானால் பெல்ட். கடப்பாக்கத்தில் இடிந்த கோட்டைப் பக்கம் உட்கார்ந்து மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தபோது, மீன்காரர் எனக்கு ஒரு துண்டு கூட வைத்தார் என்பதற்காகத் தட்டோடு என் முகத்தில் அறைந்தான். மூக்கில் முள் குத்தியது. பக்கத்து வீட்டுக்காரி கேட்கும்போதெல்லாம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லுவேன். ஒரே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆன பிறகு ஒரு நாள் கதவிடுக்கில் வைத்து என் மணிக்கட்டை முறித்தான். செங்கல்பட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு நேராக அப்பா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்குக் கூட்டினார்கள். எங்கள் பக்கம் அப்பா, பெரியப்பா, அண்ணன்கள், அம்மா. அந்தப் பக்கம் அவனும் அவன் தம்பியும். நான் கட்டுப் போட்ட கையை நீட்டிக் காட்டி, அடித்தான் என்றேன்.

அவன் கோபப்படவே இல்லை. காபியை வைத்துவிட்டு, “மாமா, இவ பேச்ச நம்பாதீங்க. கல்யாணம் ஆன புதுசுல மலைக்குப் போனோமே, அங்க ஒரு போட்டோக்காரன் மேல பழி போட்டா. அவன் இவ காதுல மாட்டின கயித்தத்தான் எடுத்துவுட்டுகிட்டு இருந்தான். நான் முதல்லேர்ந்து பாத்துகிட்டேதான் நின்னேன். இவ மார்ல தொட்டான்னு சொல்லி அவன் கைய ஒடைக்க வெச்சிட்டா. கேளுங்க, இல்லைன்னு சொல்லட்டும்,” என்றான்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “இன்னாம்மா, மெய்தானா?”

“மெய்தான்பா.”

“அப்ப இதுவும் அப்டித்தான் கீது,” என்றார் பெரியப்பா.

“பெரிப்பா, பாத்துகினே இருந்தேன்னு அவன் வாயாலே சொல்றான். தப்பு இல்லாத ஆளுன்னு தெரிஞ்சே அடிச்சிருக்கான். அது உங்க யாருக்கும் காதுல வுழலியா?” என்று கேட்டேன்.

“பேச்ச மாத்தாத,” என்றார் அண்ணன். அம்மா எழுந்து மாப்பிள்ளைக்கு இலை போடப் போனாள்.

நான் அவனோடு போகவில்லை. அப்பா ஆறு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். எனக்குப் பொறுக்காதது வேறு. என்னைப் பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும் உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தில், உடைந்த கையைக் காட்டியும் ஒருவர்கூட நம்பவில்லை. மலையில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு என் பெயர்கூடத் தெரியாது. நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அவள் நம்பி, காலில் கிடந்ததைக் கழற்றித் தன் புருஷனை அடித்தாள்.