மாமியின் காலை அளந்தபோது

மாமியின் கால் எப்படி முறிந்தது என்று அவரின் மகனான என் கணவரிடம் சொல்லலாமா? இன்றும் எனக்கு விடை தெரியவில்லை.

மாமிக்குச் செயற்கை முழங்கால் மூட்டு வைப்பதற்காக, ரொறன்ரோவில் ஒரு மருத்துவமனைக்கு, என் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, அழைத்துப் போனேன். சிறிய எலும்புள்ள பெண்களுக்கும் பொருந்தும் மூட்டுச் செய்ய, அங்கே கீழ்க்கால் எலும்பை அளந்தார்கள். "சும்மா அளக்கிறதுதான் மாமி" என்றேன்.

அளப்பவர் காலை இறுகப் பிடித்ததும் மாமி அலறி உதைத்தார். இரும்பு அளவுகருவி என் குழந்தையின் தலையை உரசிப் பறந்தது. அளந்தவரின் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. "விடடா! அவன் இங்கை இல்லை!" என்று மாமி மறுபடியும் உதைத்தார்.

மாமியைக் கட்டிப்பிடித்தேன். உதைப்பது நின்றதும் மாமி சொன்னார்: "ஊரிலை உன்ரை மனுசனைத் தேடி வந்த ஆமிக்காரன் துவக்குப் பிடியாலை என்ரை காலை அடிச்சு முறிச்சவன். கிணத்தடியிலை வழுக்கினதெண்டு உன்ரை மனுசனுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். நீயும் சொல்லாதை பிள்ளை."

மருத்துவரிடம் மட்டும் சொன்னேன். முறிந்த எலும்பு வளைந்து பொருந்தியிருந்ததால் மூட்டின் அளவையே மாற்றினார்கள்.

இப்போது யாரும் மாமியைத் தொடுமுன், என்ன செய்யப்போகிறார்கள் என்று அவருக்கு விளக்கிவிடுகிறேன். ஆனால், "கிணத்தடியிலை என்ன டான்ஸா ஆடினனீங்கள் அம்மா?" என்று கணவர் பகிடி விட, மாமியும் சேர்ந்து சிரிக்கிறார். என்னால் சிரிக்க முடியவில்லை. வாசகர்களே, நீங்களென்றால் கணவரிடம் சொல்வீர்களா?