லிப்ட்காரரின் இருபத்தாறு கோழிகள்

பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் லிப்ட் ஓட்டியவர் அவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார், தெருவுக்கெல்லாம் லிப்ட்காரர்தான். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகட்டுமே என்று ஆறு குஞ்சு வாங்கிவிட்டார். இரண்டே வருஷத்தில் அது இருபத்தாறு பெட்டையும் ஒரு சேவலுமாகப் பெருகி, வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி மனையைக் கிரயம் பண்ணிக்கொண்ட தோரணையில் மேய்ந்தது.

கூண்டு கிடையாது. ராத்திரி அடைவதற்கு ஒரு கொட்டகை, அவ்வளவுதான். விடிந்ததும் அதன் கதவைத் திறந்துவிட்டு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பனி விலகியிருக்காது. கோழிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, எந்தப் பக்கம் போகலாம் என்று கழுத்தைச் சாய்த்து யோசித்து, இஷ்டப்பட்ட பக்கம் போகும். மேலே, கீழே என்ற இரண்டே திசையோடு காலம் தள்ளிய மனுஷனுக்கு அதைப் பார்ப்பதில் அப்படி ஒரு சுகம். வாய்க்குள் ஈ போனாலும் தெரியாது. பிறகு எழுந்து முட்டை தேடப் போவார். விறகுக்குப் பின்னால் நாலு இருக்கும், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இரண்டு மூன்று. கழுத்தில் இறகில்லாத ஒருத்தி அவருடைய பழைய யூனிபார்ம் தொப்பிக்குள்தான் முட்டையிடுவாள். வேறெங்காவது உட்காரவைத்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவாள். அந்த முட்டையை உள்ளங்கையில் சூடாக வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது.

அவர் மனைவிக்குத் தெரியும், முட்டைக் கணக்கும் தெரியும். ஒரு நாளைக்குப் பதினெட்டு முட்டை. வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவித்தும் பொரித்தும் அலுத்துப்போன அந்த அம்மாள், அரிசிப் பானையிலிருந்து தையல் மெஷின் டிராயர் வரை முட்டை அடுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கறாராகச் சொல்லிவிட்டார்.

"கறிக்கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை வந்து எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டுப் போறேன்னுட்டார். அதுக்குள்ள முட்டை வாங்க நிரந்தரமா ஆள் பிடிச்சீங்கன்னா கோழி இருக்கட்டும். இல்லைன்னா இல்லை."

"ஒரு வாரம்தானே இருக்கு?"

"ரெண்டு வருஷம் இருந்துச்சு. நீங்க முக்காலியில உட்கார்ந்திருந்தீங்க."

அந்த அம்மாள் சொன்னதிலும் தப்பில்லை. தீனி மூட்டையை வாங்கி, தோளில் சாய்த்துத் தூக்கி வருவது மனைவிதானே. லிப்ட்காரர் பின்பக்கம் போய்க் கோழிகளைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை கூடையில் வைக்கோல் பரப்பி, பதினெட்டு முட்டை அடுக்கி, மேலே துண்டு போட்டுக் கிளம்பினார். முதல் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே யாரோ தொண்டை காறினார்கள். இஸ்திரி போட்ட துணியின் வாசனை வந்தது. இது ஆபீசுக்குப் போகிற ஆளுடைய சட்டையாக இருக்கும், இறங்குவது மூன்றாம் மாடியா நான்காம் மாடியா என்று யோசித்துக்கொண்டே நின்றவர் கதவைத் தட்டவில்லை. அடுத்த வீட்டில் ஒரு பெண்மணி கதவைத் திறந்து "என்ன வேணும்?" என்று கேட்டேவிட்டார். இவர் "மணி என்னம்மா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

விஷயம் இதுதான். அவருக்குப் பேச்சு வராது என்று சொன்னால் பாவம். லிப்டுக்குள் வரும், வெளியே வராது. கால்கள் தாமாக அந்தப் பழைய கட்டடத்துக்கு நடந்தன. வாசல் காவலாளி பழைய சிநேகிதர், ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார். லிப்ட் இப்போது புதிது, ஓட்ட ஆளில்லை. பட்டன் பலகைக்குப் பக்கத்தில் தன் பழைய இடத்தில் போய் நின்றார். ஆட்கள் வந்தார்கள், அவரவர் மாடிக்கு இவர் பட்டனை அழுத்தினார். யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கதவு மூடியதும் அந்த மெல்லிய ரீங்காரம் கிளம்பியது. கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்த மிதப்பு அவருக்குத் தாலாட்டுப்போல் இருந்தது.

ஒன்பதாம் மாடிக் கணக்குப் பிரிவு அம்மா ஏறினார். சின்னப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம்.

"என்னண்ணே, திரும்ப வந்துட்டீங்களா?"

"வீட்ல கோழி வச்சிருக்கேன்மா" என்றார் லிப்ட்காரர். ஒன்பது வந்துவிட்டது.

அவருக்குத் தெரிந்த பேச்சு அப்படித்தான், தவணைப் பேச்சு. பழைய லிப்ட் ஆடி அசைந்து ஒன்பதாம் மாடிக்குப் போக இரண்டு நிமிஷம் ஆகும். இன்று விட்ட இடத்திலிருந்து நாளைக்குத் தொடங்குவார்கள். ஒரு வீட்டுக் கல்யாணத்தை அவர் மூன்று மாதத்தில் கேட்டு முடிப்பார். அதே கணக்கில் இப்போதும் நிதானமாக ஆரம்பித்துவிட்டார். புதிய லிப்டுக்கு இருபது விநாடிதான் என்பது மூளைக்கு எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை: "இருபத்தாறு உருப்படிம்மா. அடைச்சு வைக்கிறதில்லை, இஷ்டத்துக்கு மேயும்."

புதன்கிழமை: "அதுல ஒருத்தி என் தொப்பியிலதான் முட்டை போடுவா."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். லிப்ட்காரருக்கும் சந்தோஷம். கூடையிலிருந்த பதினெட்டும் பதினெட்டாகவே வீடு திரும்பின.

"யார்கிட்டயாவது 'முட்டை வேணுமா'ன்னு கேட்டீங்களா?" என்றார் மனைவி.

"பேச்சு அங்கதான் வந்துக்கிட்டிருக்கு."

மனைவி போய், மிச்சமிருந்த ஒரே காலிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

வியாழக்கிழமை கணக்கு அம்மா வரவில்லை. என்ன காய்ச்சலோ, என்ன வேலையோ. இவர் மத்தியானம் வரை மேலும் கீழுமாகப் போய்வந்தார். கண்ணாடிச் சுவரில் தெரிந்த கிழவர் கூடையை மார்போடு அணைத்திருந்தார். ஒரு வாரத்தையும் கோட்டை விட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா ஏறியபோது லிப்டில் நெரிசல். லிப்ட்காரர் முண்டியடித்துப் பக்கத்தில் போனார். ஐந்தாம் மாடியில் சிலர் இறங்கினார்கள். ஏழு. எட்டு.

"அம்மா, அந்த முட்டை..."

ஒன்பது. கதவு திறந்தது. அந்த அம்மா ஒரு காலை வெளியே வைத்தார். வைத்த காலை எடுக்காமல், கையால் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"சொல்லி முடிங்கண்ணே."

கதவு மூட வந்து, கையில் இடித்து, திரும்பப் போனது. யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் இவர் எத்தனையோ பேருக்குக் கதவைப் பிடித்து நின்றிருக்கிறார். இவருக்காக ஒருத்தர் பிடித்து நின்றது அன்றைக்குத்தான். கண் கலங்கிவிட்டது.

"முட்டைக்கு ஆள் கிடைக்கலைன்னா நாளைக்குக் கறிக்கடைக்காரர் வந்து எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவார்மா" என்றார் ஒரே மூச்சில்.

"அந்தத் தொப்பிக் கோழியையுமா?" என்றார் பின்னால் நின்ற ஒருவர். தவணையெல்லாம் அவரும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார் போலிருக்கிறது.

"இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன?" என்று சொல்லி, கணக்கு அம்மா அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு மாடியின் வாசலும் லிப்ட்காரருக்கு மனப்பாடம். அதைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தது இல்லை. ஜன்னல்கள் வரிசையாக இருந்தன, அவற்றுக்கு அப்பால் முழுக்க வானம். இவ்வளவு வெளிச்சத்துக்குப் பக்கத்திலா இத்தனை வருஷம் ஒரு பெட்டிக்குள் போய்வந்தோம் என்று கனவில் நடப்பவர்போல் நடந்தார். மேஜை மேஜையாக அந்த அம்மா பேச, இவர் பக்கத்தில் கூடையோடு நின்றார். கூடை காலியானது. பழைய லிப்ட்காரரைத் தெரிந்தவர்கள் மற்ற மாடிகளுக்கும் போன் போட்டார்கள். வாரத்துக்குப் பன்னிரண்டு டஜன் என்று பேசி முடித்து, கணக்கு அம்மா அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தை வீட்டில் கொடுத்தார். மனைவி வாங்கிப் படித்தார், உதட்டை அசைத்துப் பெருக்கிப் பார்த்தார், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். இவர் முடிவைக் கேட்கப் பயந்து, படுத்துப் புரண்டு பொழுதை விடியவைத்தார்.

காலையில் கறிக்கடைக்காரர் கம்பிக் கூண்டு கட்டிய வண்டியோடு வந்து நின்றார். லிப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவிதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"விக்கிறதுக்குக் கோழி இல்லைங்க."

"என்னம்மா இது, நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"ஆமா. வந்தது நல்லதாப் போச்சு. உங்க கடையில முட்டை போடுற பெட்டை நாலு இருந்தா எனக்குக் கொடுங்க. பன்னிரண்டு டஜனுக்கு வாரம் பதினெட்டு முட்டை குறையுது."